பள்ளி நும்முடையது, நீவிர் எங்கே?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருநாள் நின்று பாருங்கள். தொழிலகப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் பாதித் தூக்கமுமாய் நம் மக்கள் அவற்றில் ஏறுவர். இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் நின்று பாருங்கள். இப்பொழுது வருவன மஞ்சள் வண்ணம் பூசிய பள்ளி ஊர்திகள். அவற்றில் ஏறுவோர் முன்னர்ச் சென்றோரின் பிள்ளைகள். அவர்கள் கழுத்திலும் அட்டை. அவர்கள் கண்ணிலும் பாதித் தூக்கம். தந்தை பொறியை நோக்கிப் போனார். பிள்ளை பள்ளியை நோக்கிப் போகிறது. இருவரும் விழித்த கண்ணோடு ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது கிழமைக்கு ஒருநாள் வாய்த்தால் பெரிது.

'பிள்ளைகளின் கல்வியில் பெற்றோர் பங்கேற்க வேண்டும்' என்று மேடைதோறும் பேசுகின்றார்கள். பேசுவது எளிது. பங்கேற்க வேண்டிய பெற்றோர்க்கு நேரத்தை யார் தருவது, அவர்க்குப் புரியும் மொழியில் அப்பள்ளி பேசுகின்றதா, பள்ளிக்குள் அவர் எந்த உரிமையோடு நுழைவது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாமல் விடுக்கப்படும் அறிவுரை வெறும் ஓசையாகவே முடியும். இம் மூன்றையும் பற்றி, இத் தொழிற்பகுதியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்துவரும் ஆசிரியன் என்னும் முறையில், இத் திங்கள் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் எம் தெருவில் நிகழ்ந்த ஒன்று.

அவர் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இங்கு வந்து குடியேறியவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். உந்துக்கு உறுப்புகள் செய்யும் தொழிலகம் ஒன்றில் ஒப்பந்தப் பணி. காலையில் தேநீர்க் கடையில் தமிழ்ச் செய்தித்தாளைத் தலைப்பு முதல் அச்சகப் பெயர் வரை வரிவிடாது படித்து, அரசியலைப் பற்றி எம்மோடு வழக்காடுவார். நல்ல அறிவாளி. ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் தம் மகளை, மெட்ரிக் பள்ளி எனப்படும் ஆங்கிலவழிப் பதின்மப் பள்ளி ஒன்றில், தம் வருவாய்க்கு மீறிய கட்டணத்தில் சேர்த்திருக்கின்றார். ஒருநாள் மாலை மகளின் மதிப்பெண் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எம் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, இதில் என்னமோ எழுதியிருக்கிறார்கள். பாப்பாவைக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். மூன்று தேர்வுகளுக்கும் உரிய கட்டங்களில் அவருடைய கையொப்பம் தமிழில் அழகாக இருந்தது. மூன்று கையொப்பங்களுக்கும் மேலே, மூன்று முறையும், 'இப் பிள்ளைக்கு வீட்டில் பெற்றோர் துணை தேவை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. தம்மைத் துணைக்கு அழைத்த வரிக்குக் கீழேயே, அஃது இன்னதென்று அறியாமல், அவர் மூன்று முறை கையொப்பமிட்டிருக்கின்றார்.

பொருளைச் சொன்னோம். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது ஐயா. ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது?" என்றார்.

அன்பர்களே, இவர் எழுத்தறியாதவர் அல்லர். தம் மொழியில் எதையும் படித்துப் பொருள் காணும் ஆற்றல் உள்ளவர். எழுத்தறிந்த ஒருவரைத் தம் மகளின் முன்னிலையில் எழுத்தறியாதவராக ஆக்கி, கூசிக் குறுகி எழுந்து போகச் செய்தது எது? அவருடைய ஏழைமையா? இல்லை, அவர் கட்டணம் கட்டித் தம் கையால் விலைக்கு வாங்கிய பயிற்றுமொழி. 'பெற்றோர்க்கு அக்கறையில்லை' என்று ஆசிரியர் அறையில் பேசுவோர், எம்மையும் உள்ளிட்டுத்தான் சொல்லுகின்றோம், இந்தக் கூச்சத்தை அக்கறையின்மை என்று பல்லாண்டுகளாகப் பிழையாகப் படித்து வந்திருக்கின்றனர்.

இனி, உரிமையைப் பற்றி.

2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010 ஏப்பிரல் முதல் நாள் செயலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி நம் மக்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: தனியார் பள்ளியில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்லும் பகுதி. விண்ணப்பம் போட முந்துகின்றார்கள். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படித்தவர் எத்தனை பேர்? அரசு பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகிய ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அமைய வேண்டும் என்கிறது அப்பிரிவு. அக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் பிள்ளைகளின் தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும். தமிழ்நாட்டில் தலைமைப் பொறுப்பும் பெற்றோருள் ஒரு பெண்ணுக்கே உரியது. உதவி பெறும் பள்ளியில் இக்குழுவின் சொல் அறிவுரை அளவில் நிற்கும். ஆனால், அரசு பள்ளியில் அது மேலாண்மை செய்யும். பள்ளி நடக்கும் முறையைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வரைந்து பரிந்துரைத்தல், வந்த நல்கை எவ்வாறு செலவாயிற்று என்று பார்த்தல் ஆகியன அதன் பணிகள். இன்னும் ஒன்று: 24-ஆம் பிரிவு, பெற்றோரைக் கூட்டி, பிள்ளையின் வருகையையும் கற்கும் திறத்தையும் வளர்ச்சியையும் எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமையாகவே விதித்துள்ளது. ஆசிரியர் மனமுவந்து காட்டும் அருளன்று அது, செய்யாவிடில் கேட்கலாம்.

இதில் உள்ள வேடிக்கையை எண்ணிப் பாருங்கள். அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்த 21-ஆம் பிரிவு தொடவில்லை. கட்டணமே கட்டாமல் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் கூலித் தொழிலாளி, அப்பள்ளியின் மேலாண்மையில் பங்குடையவர். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் எம் தெரு நண்பர்க்கோ, அச்சட்டத்தின்படி, அப்பள்ளியின் வாயிலைத் தாண்ட ஓர் இருக்கையும் இல்லை. காசு கொடுத்தவன் வெளியே, கொடாதவன் உள்ளே! ஆயினும் நம் மக்கள் உள்ளே இருப்பதை இழிவென்றும் வெளியே நிற்பதைப் பெருமையென்றும் கருதி, ஆண்டுதோறும் மஞ்சள் ஊர்திக்காகக் காத்து நிற்கின்றனர்.

2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு இக்குழுக்களை மறுபடியும் அமைத்தது. குழுவுக்கு 20 பேர். அவருள் 15 பேர் பெற்றோர். பின்னர் 2024-இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து 24 பேராக்கினர். நல்ல ஏற்பாடு. எம் பள்ளியிலும் கூட்டம் கூடிற்று. ஆனால், கூட்டம் எப்பொழுது நடக்கின்றது? பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு!

வயலில் உழுபவர்க்கு மூன்று மணி ஒரு பொழுது. தொழிலாளர் வாயில் 'சிப்டு' என வழங்கும் முறைப்பணியில் இருப்பவர்க்கு அஃது என்ன பொழுது? முதல் முறை முடித்தவர் அப்பொழுதுதான் தொழிலகப் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். இரண்டாம் முறைக்காரர் பொறியின் முன் நின்றிருப்பார். இரவு முறைக்குப் போகிறவர் உறக்கத்தில் இருப்பார். ஆக, இத் தொழிற்பகுதியின் தந்தையருள் எவரும் வரமுடியாத ஒரு மணியைத் தேடிப்பிடித்ததுபோல் அல்லவா அது அமைந்திருக்கின்றது! தாய்மாரிலும் தொழிலகத்து உணவுக்கூடத்திலும் துப்புரவிலும் உறுப்புப் பூட்டும் வரிசையிலும் நிற்பவர் பலர். ஒப்பந்தப் பணியாளர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி மட்டுமன்று, அத் திங்களுக்குரிய வருகை ஊக்கத்தொகையும் போகும். எனவே வருகின்றவர் யார்? வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் சில தாய்மார், ஒரு பாட்டி, வார்டு உறுப்பினர் வந்தால் வருவார். வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கப்படும். 'தீர்மானம் நிறைவேறியது' என்று எழுதப்படும். இதனை ஆணையிட்டவர் தீய எண்ணத்தோடு இட்டார் என்று யாம் கூறவில்லை. முப்பத்தெட்டு மாவட்டங்களுக்கும் ஒரே மணியைச் சென்னையில் அமர்ந்து குறித்தார், அவ்வளவே. இங்கே மணி வேறு மாதிரி ஓடுகிறது என்பதை அவர்க்குச் சொல்ல வேண்டியவர் நாம்.

எங்கே, எப்பொழுது கூடலாம்? விடை எளிது. தமிழ்நாட்டுத் தொழில்நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி, சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நான்கு நாள்களும் ஊதியத்தோடு கூடிய விடுமுறை. அந் நான்கு நாள்களிலும் ஊர்தோறும் ஊராட்சி மன்றத்தின் கிராம அவையும் கூடுகின்றது. ஒரே நாளில் தொழிலகமும் மூடியிருக்கும், ஊரும் கூடியிருக்கும். (இரட்டைக் கூலி தருகிறோம் என்று அன்றும் ஆள் அழைக்கும் தொழிலகங்கள் உண்டு, அதை அறியாமல் சொல்லவில்லை.) பள்ளி மேலாண்மைக் குழு வரைந்த திட்டத்தை அன்று கிராம அவையின்முன் வைத்துப் படித்தால் என்ன? இடையில் உள்ள திங்கள்களில் ஞாயிறு காலையில் கூடட்டும். ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் வரவேண்டுமே என்பார்கள். வரட்டும். ஆண்டுக்கு ஆறு ஞாயிறு வந்தால் அதற்கு ஈடாக வேறு ஆறு நாள் விடுப்புக் கொடுக்கட்டும். ஆசிரியர்களாகிய நாம் இதனை மறுத்து நின்றால், 'பெற்றோர் வருவதில்லை' என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

தொழிற்சங்கத்தார்க்கும் ஒரு சொல். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர், தம் சங்கத்தை ஏற்கச் சொல்லி ஒரு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, நாடே திரும்பிப் பார்க்கும்படி நின்றனர். அத்தகைய உறுதி படைத்தவர்கள், கூலியுயர்வு, பணியுறுதி, பாதுகாப்பு ஆகியவற்றோடு, 'ஆண்டுக்கு நான்கு அரைநாள் பிள்ளையின் பள்ளிக்குச் செல்ல ஊதியத்தோடு விடுப்பு' என்னும் ஒரு வரியையும் தம் வேண்டுகைப் பட்டியலில் சேர்த்தல் ஆகாதா? நிறுவனத்தார்க்கு அதனால் ஆகும் செலவு, ஒரு விழாவுக்கு அவர் செய்யும் செலவிலும் குறைவாகவே இருக்கும்.

பள்ளிக்கு ஊரார் தோள்கொடுப்பது நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகில் நெய்யாடுபாக்கத்தில் பிறந்து, காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராய்ப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்னும் இயக்கத்தை முதலில் நடத்திப் பார்த்தது, 1958-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரிலேதான். திருப்பெரும்புதூரிலிருந்து அது தொலைவில் இல்லை. ஊர்மக்கள் தம் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தாமே பட்டியல் எழுதினர். ஒருவர் மணற்பரப்பை நிரவி விளையாட்டுத் திடலாக்கினார், ஒருவர் பலகை தந்தார், ஒருவர் கடிகாரம், ஒருவர் பிள்ளைகளுக்குச் சீருடை, வேறொருவர் நிலமே எழுதிவைத்தார். இப்படி ஊர்தோறும் வந்தன. நண்பகலுணவும் முதலில் ஊரார் கைப்பொருளைக் கொண்டுதான் பல இடங்களில் தொடங்கிற்று. அரசு பின்னர்க் கைகோத்தது. இவற்றையெல்லாம் 'நினைவு அலைகள்' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் விரித்து எழுதியுள்ளார்.

அக்காலத்தை நினைந்து பெருமூச்சு விடுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்த இயக்கத்திலும் ஒரு குறை இருந்தது. ஊரார் கொடுத்தனர், ஆளும் உரிமை அலுவலர் கையிலேயே இருந்தது. இன்று நிலை தலைகீழாயிற்று. ஆளும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது; வந்து அமர்வதற்குத்தான் ஆளில்லை. அன்று உழவனின் பொழுது அவனுடையதாயிருந்தது; விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் பள்ளித் திடலை நிரவ அவனுக்கு ஓய்வு இருந்தது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய மகிழுந்து நிறுவனம் கால் வைத்தது முதலாக, 2010-இல் ஒரகடத்தில் பிரெஞ்சு, சப்பானியக் கூட்டு நிறுவனம், 2012-இல் செருமானியச் சரக்குந்து நிறுவனம் என்று ஏரிப்பாசன நிலங்களின் நடுவே தொழிலகங்கள் எழுந்தன. உழவனின் பொழுது நிறுவனத்தின் பொழுதாயிற்று. ஊரில் பாதிப் பேர் வேற்றூரார். பள்ளி தம் ஊர்ப் பள்ளி என்னும் உணர்வு அவர்க்கு எங்கிருந்து வரும்? 2006-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்த நோக்கியா தொழிலகம் 2014 நவம்பரில் மூடப்பட்டது. வந்த நிறுவனம் போகலாம். பள்ளி போகாது, நம் பிள்ளைகளும் போகப்போவதில்லை.

இனி, மொழியைப் பற்றி. இவ்விதழின் அன்பர்கள் எதிர்பார்த்திருக்கும் பகுதி இதுவே என்பதை அறிவோம். ஆனால், வழக்கமாக நாம் சொல்லும் முறையில் சொல்லப்போவதில்லை.

தாய்மொழிவழிக் கல்வியைச் சட்டத்தால் கொண்டுவர நாம் முயன்றோம். ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியிலேயே பயிற்ற வேண்டும் என்று 1999-இல் இட்ட அரசாணை, 2000-இல் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. கருநாடகத்தார் தொடுத்த வழக்கில் 2014 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் எம்மொழி வழிக் கற்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கும், பிள்ளையின் சார்பில் பெற்றோர்க்குமே உரியது. அரசு திணித்தல் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இதற்கிடையே 2012-ஆம் ஆண்டு முதல் அரசு பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. ஆகவே, கோட்டையை நோக்கி மட்டும் கூவிக்கொண்டிருந்து பயனில்லை. முடிவு செய்யும் இடம் கோட்டையிலிருந்து நகர்ந்து, திருமங்கலத்திலும் வல்லத்திலும் மாத்தூரிலும் குடிக்கூலி வீட்டில் வாழும் தொழிலாளியின் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. அங்கே போய் அவரிடம் நாம் பேசியிருக்கின்றோமா? 'தமிழன் தமிழில் படி' என்று சுவரில் எழுதினோம். 'தமிழில் படித்தால் நீ உன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார முடியும்' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதுதான் செய்தி. 1953-ஆம் ஆண்டிலேயே யுனெசுகோ மன்றம் தாய்மொழியே பிள்ளைக்கு ஏற்ற பயிற்றுமொழி என்று விரிவாக எழுதியது. பிள்ளையின் மூளைக்கு எது எளிது என்பதையே அறிஞர் பெரிதும் பேசினர். பெற்றோரின் பங்கு என்று ஒன்று இருக்க வேண்டுமாயின், வீட்டுமொழியும் பள்ளிமொழியும் ஒன்றாயிருத்தல் எவ்வளவு தேவை என்பதற்கு எம் வகுப்பறையிலேயே ஒரு சான்று கிடைத்தது.

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழிப் பிரிவு. அறிவியல் நூலில் அளவீடு பற்றிய முதற் பாடம். வெர்னியர் அளவி, அதன் மீச்சிற்றளவு. பிள்ளைகள் வாய்பாடாக ஒப்பித்தனர். பொருள் புரிந்தவர் சிலரே. ஒரு மாணவி வீட்டில் அப்பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தரப் பார்வையாளராகப் பணிபுரியும் அவள் தந்தை, இரவு முறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான உறுப்புகளை அக் கருவியால் அளந்து தள்ளுபவர் அவர். 'லீஸ்ட் கவுண்ட்' என்று தொழிலகத்தில் கேட்டுப் பழகிய சொல், 'மிகச் சிறிய அளவு' என்று மகளின் வாயில் வந்ததும், இருபதாண்டுப் பட்டறிவு அவர்க்கு மொழியாயிற்று. மறுநாள் அறிவியல் ஆசிரியரைப் பார்க்க வந்தார். "நூலில் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, சார். நாங்கள் வைத்திருப்பதில் 0.02. ஏன் இரண்டும் வேறு என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டுமா?" என்று கேட்டார். ஒரு காரிக்கிழமை வந்து காட்டினார். ஒரு முடியிழை, ஒரு தாள், ஒரு பழைய ஐந்து உருபா நாணயம் ஆகியவற்றை அளக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம். எம் பள்ளியில் அவ்வாண்டு நடந்த பாடங்களுள் பிள்ளைகள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அதனையே. அவர் மகள் அன்று வகுப்பறையில் உட்கார்ந்திருந்த நிலை இருக்கின்றதே, அதனை எழுத எமக்குச் சொல் போதாது.

அதே தந்தை ஆங்கிலவழிப் பிள்ளையின் பக்கத்தில் நின்றிருந்தால் அச்சொல் அவர் காதில் விழாமலே போயிருக்கும் என்று யாம் கூறவில்லை. 'லீஸ்ட் கவுண்ட்' என்பது அவர் அறிந்த சொல்தானே. ஆனால், அதன் விளக்கமாக வந்த பத்து வரிகளும் அவர்க்குச் சுவராய் நின்றிருக்கும். தொழிலாளி தன் கையில் வைத்திருக்கும் அறிவுக்குப் பள்ளியில் இடம் கிடைப்பது, அவனுடைய மொழிக்கு அங்கே இடம் இருந்தால்தான்.

ஆங்கிலம் வேண்டாவா என்பார்க்கு: வேண்டும், மொழியாக நன்கு கற்பிக்கட்டும். அதனைக் கற்பிப்பதில் அரசு பள்ளிகளில் இருக்கும் மெத்தனத்தை யாம் மறைக்கவில்லை. ஆனால், இருங்காட்டுக்கோட்டைச் சாலையில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களைப் பாருங்கள். அங்கே உண்ண வரும் கொரியப் பொறிஞர் தம் பொறியியலைக் கொரிய மொழியில் கற்றவர். ஒரகடத்துச் சப்பானியர் சப்பானிய மொழியில் கற்றவர். 1938-க்குப் பின் சப்பானியர் ஆட்சியில் பள்ளியிலிருந்தே படிப்படியாக விரட்டப்பட்ட மொழி கொரிய மொழி. 1945-இல் விடுதலை பெற்றதும் அவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, அதனை மீண்டும் வகுப்பறையில் அமர்த்தியது. அவர்கள் செய்யும் மகிழுந்து இங்கே வந்து நம் பிள்ளைகளுக்கு வேலை தருகின்றது. நாமோ அவ் வேலைக்காகவே நம் மொழியை வகுப்பறையிலிருந்து எழுப்பி அனுப்புகின்றோம். தமிழ்வழிப் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்போர், மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கு நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாய் ஒதுக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கேட்டறியலாம்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். இத் தொழிற்பகுதியில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பெருகியுள்ளன. அவர் பிள்ளைகள் நம் அரசு பள்ளிகளில் தமிழ்வழியே அமர்ந்து தமிழ் கற்கின்றனர். சிலர் நம் பிள்ளைகளைவிடப் பிழையின்றி எழுதுகின்றனர். மகிழ்கின்றோம். ஆனால், வீட்டுமொழி வேறு, பள்ளிமொழி வேறு என்னும் அதே சுவர் அப் பெற்றோர்க்கும் இருக்கின்றது. நமக்கு ஒரு முறை, அவர்க்கு ஒரு முறை என்பது அறமன்று. அவர்தம் மொழியில் ஒரு சிறு அறிவிப்பாவது எழுதி ஒட்டுவோம். கிராம அவையில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்க்கே இடம். அவர் வாக்கு அவர் ஊரில் இருக்கும். தென்மாவட்டத்திலிருந்து வந்த நம்மவர்க்கும் பலர்க்கு அப்படியே. பள்ளி மேலாண்மைக் குழுவிலோ, பிள்ளை அப்பள்ளியில் படித்தால் போதும். வாக்கும் கேளார், நிலமும் கேளார், சாதியும் கேளார். குடிக்கூலிக்கு இருப்பவனும் அதிகாரத்தோடு அமரக்கூடிய இருக்கை இவ்வூர்களில் அது ஒன்றுதான் என்று கூடச் சொல்லலாம்.

அவ் இருக்கையில் அமர்ந்து செய்ய என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒன்றைக் காட்டுவோம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டு நிகர வருவாயின் நிரவலில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஒரகடத்தைச் சூழ்ந்த பள்ளிகளுக்கு அத்தொகையிலிருந்து கட்டடமும் கணினியும் கழிப்பறையும் வருகின்றன. வரட்டும், அது நம் நிலத்திலும் நம் உழைப்பிலும் விளைந்தது. ஆனால், என்ன வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு வண்ணம் பூசி, முத்திரை பொறித்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு போனவர்களை யாம் கண்டிருக்கின்றோம். 22-ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வரைய வேண்டியவர் பெற்றோர் குழுவினர். அத்திட்டம் எழுத்தில் இருந்தால், கொடுக்க வருபவரிடம், 'ஐயா, எங்களுக்கு முதலில் வேண்டியது ஆழ்துளைக் கிணறு. வண்ணம் அடுத்த ஆண்டு பூசலாம்' என்று சொல்ல முடியும். இத்தகைய கொடையைத் திரட்ட அரசு 2022 திசம்பரில் தொடங்கிய திட்டத்திற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி.' பள்ளி என்னும் சொல்லை வைத்துக்கொண்டே, அதற்கு முன்னால் ஆங்கிலச் சொல்லையும் கூட்டி அழைத்தால்தான் பணம் வரும் என்று எண்ணினார்கள் போலும்!

கூட்டத்திற்கு வர இயலாதவர், கூச்சப்படுபவர், எழுத்தே அறியாதவர் என்ன செய்வது? இரவு முறையிலிருந்து வந்து படுக்குமுன் கால் மணி நேரம் போதும். பிள்ளையைத் தமிழ்ப்பாடத்தையோ கணக்கையோ உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். திருத்த வேண்டா. 'இன்று ஆசிரியர் என்ன கேட்டார்? நீ என்ன கேட்டாய்?' என்று வினவுங்கள். தெரியாததைத் 'தெரியவில்லை, எனக்குச் சொல்லிக்கொடு' என்று பிள்ளையிடமே கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் இருமுறை ஏறும். புலனக் குழுவில் வரும் பள்ளி அறிவிப்பை மேலே தள்ளிவிட்டு விளையாட்டுப் படத்தைப் பார்க்காமல், புரியாவிட்டால் ஆசிரியர்க்குக் குரற்பதிவு அனுப்பிக் கேளுங்கள். விடைகூறச் சலித்துக்கொள்ளும் ஆசிரியர் இருந்தால், 24-ஆம் பிரிவை நினைவூட்டுங்கள்.

எம் தெரு நண்பர் பற்றிச் சொல்லாமல் விட்டோம். மகளைப் பள்ளி மாற்றினாரா என்று கேட்பீர்கள். மாற்றவில்லை. வீட்டில் அதற்கு உடன்பாடு ஏற்படவில்லை. ஊரார் என்ன சொல்வர் என்னும் அச்சமும் இருக்கின்றது. யாம் வற்புறுத்தவில்லை. ஆனால், இரண்டாவது பிள்ளையான மகனை வரும் ஆண்டில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கலாமா என்று இப்பொழுது கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கின்றனர். சேர்ப்பதற்கு முன் அப்பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர்க்கும் வேலை. இதனை அப்பள்ளித் தலைமையாசிரியரிடம் சொன்னோம். அடுத்த கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்க ஒப்புதல் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலர்க்கு எழுதியிருக்கின்றார். விடை இன்னும் வரவில்லை. அறிவிப்பை மட்டும் இப்பொழுதே எழுதி வைத்துவிட்டார். தமிழுக்குக் கீழே ஒடியாவில் எழுதித் தந்தவர், அங்கே மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தந்தை.